மழைக்காலத்துக் காசித்தும்பைகள்

வீட்டு வாசலில் காசித்தும்பை வளர்த்தவர்கள் அதன் காயோடு விளையாடாமல் இருந்திருக்க மாட்டார்கள். முற்றிய காயை விரல் நுனியால் தொட்டால் போதும், பட்டென்று வெடித்து விதை சிதறும். அந்தச் செடியின் காட்டுச் சொந்தங்கள் நீலகிரியிலும் பழனி மலையிலும் நிறைய உண்டு. காசித்தும்பையும் அதன் சொந்தங்களும் அடங்கிய இம்பேஷியன்ஸ் பேரினத்தில் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் ஏறக்குறைய நூறு. அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது. இவ்வளவு சின்னப் பரப்பில் ஏன் இத்தனை வகை? காரணத்தில் பாதி அந்த வெடிக்கும் காயிலேயே இருக்கிறது.

காயின் சுவர் ஐந்து பட்டைகளால் ஆனது. ஒவ்வொரு பட்டையிலும் வெளிப்பக்கச் செல்கள் தண்ணீர் குடித்து உப்பி, நீளப் பார்க்கும். உட்பக்க அடுக்கு நீள விடாமல் பிடித்துக்கொள்ளும். காய் முற்ற முற்ற இந்த இழுபறி கூடும். பட்டைகளை ஒட்டவைத்திருக்கும் விளிம்போ பலவீனமாகிக்கொண்டே வரும். ஒரு மழைத்துளியோ பூச்சியோ பட்டாலும் விளிம்பு பிரிந்து, ஐந்து பட்டைகளும் சில மில்லி விநாடிகளில் உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். விதைகள் தெறிக்கும். எல்லாமே தண்ணீரின் அழுத்தத்தால் நடப்பது. வாடிய காயை எவ்வளவு அழுத்தினாலும் இந்த வேகம் வராது.

சரி, அப்படித் தெறித்த விதை எவ்வளவு தூரம் போகும்? சில மீட்டர்தான். காற்றில் மிதக்க இறகு இல்லை, பறவை விழுங்கச் சதைப்பழமும் இல்லை. ஓடைத் தண்ணீர் இழுத்துப் போனால் உண்டு. தண்டோ நீர் நிறைந்தது, ஈரம் குறைந்தால் துவண்டுவிடும். நீலகிரிக்கும் தெற்கே உள்ள ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கிறது. சோலையின், அதாவது உயர்மலைக் காட்டின் குளிர்ச்சிக்குப் பழகிய செடிக்கு அதைத் தாண்டுவது பெரும்பாடு. ஆகவே ஒரு மலையில் மாட்டிக்கொண்ட கூட்டம் அங்கேயே தலைமுறை தலைமுறையாக மாறி, தனி இனமாகிவிடுகிறது.

எங்கே, எப்படி வளர்கிறது என்று பார்த்தாலே பாதி அடையாளம் தெரிந்துவிடும். சதுப்பான புல்வெளியில் மெல்லிய இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாக நிற்பது இம்பேஷியன்ஸ் சைனென்சிஸ். இது ஊர் சுற்றி, சீனா வரை உண்டு. சோலை ஓரத்தில் புதராக வளர்ந்து வெளிர்நிறத்தில் பூப்பது லெஷனோல்டி. தண்டே இல்லாமல் கிழங்கிலிருந்து நேராக இலையும் பூக்காம்பும் எழுப்பி, நனைந்த பாறையில் ஒட்டி வாழ்வது ஸ்கேபிஃப்ளோரா. எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்டோனியே. மரக்கிளையில் பாசியோடு தொற்றி வளரும் அது, கோடையில் இலை உதிர்த்து, பருத்த தண்டில் ஈரத்தைச் சேமித்துக்கொண்டு காத்திருக்கும். மழை வந்ததும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்த, பை போன்ற பூவைத் தொங்கவிடும்.

பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். கீழே வால் போல நீண்டிருப்பது இதழே அல்ல, மொட்டை மூடியிருக்கும் வெளிவட்டத்தைச் சேர்ந்த புல்லிதழ். தேன் அதன் நுனியில் இருக்கும். மொட்டில் அது மேற்புறத்துக்கு உரியது. காம்பு முறுக்கிக்கொள்வதால் கீழே வந்துவிடுகிறது. பூவின் வாயில் மேலே, ஐந்து மகரந்தத் தாள்களும் ஒட்டிச் சேர்ந்து ஒரு சிறு தொப்பியாக, மகரந்தத்தை வாங்கும் பெண் உறுப்பான சூல்முடியை மூடியிருக்கும். தேனுக்கு நுழையும் தேனீயின் முதுகில் மகரந்தம் படியும். அப்புறம் தொப்பி கழன்று விழ, உள்ளிருக்கும் சூல்முடி வெளியே தெரியும். அதாவது பூ முதலில் ஆண், பிறகு பெண். தன் மகரந்தம் தன் மேலேயே படாமல் இருக்க இதைவிட நேர்த்தியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்!

இந்த நேர்த்திதான் வகைப்படுத்துபவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. இனங்களைப் பிரிப்பதே வாலின் வளைவு, இதழின் மடல் போன்ற நுணுக்கங்கள். செடியைத் தாளில் அழுத்திக் காயவைத்தால் பூ நசுங்கி ஒட்டிப்போய் அவை அத்தனையும் அழிந்துவிடும். 1911இல் 94 வயதில் இறந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் கடைசிக்காலம் வரை இந்தப் பேரினத்தோடுதான் மல்லுக்கட்டினார். 2016இல் மரபணுவையும் உருவ அமைப்பையும் சேர்த்துப் பார்த்து, பேரினத்துக்குள்ளேயே இரண்டு துணைப் பிரிவுகள் வகுத்தார்கள்: விதை உருவாகும் சூலகம் நான்கு அறை கொண்டவை, ஐந்து அறை கொண்டவை. நம் மலைச் செடிகள் ஐந்தறைக் கூட்டம்.

எனவே மழையில் ஒன்றைக் கண்டால் பறிக்காதீர்கள். முன்பக்கம் ஒரு படம், வால் தெரியப் பக்கவாட்டில் ஒன்று, இலையும் காயும் தனியாக, எதன் மேல் வளர்ந்திருக்கிறது என்பதும் தெரியும்படி எடுங்கள். பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்து இனம் சொல்வது பல சமயம் முடியாத காரியம்.