விமான நிலையத்தில் முத்திரை குத்துபவர் குடியுரிமை அதிகாரி அல்லர்

வெளிநாட்டுப் பயணி ஒருவர் பிடிபட்ட செய்தி எந்த விமான நிலையத்திலிருந்து வந்தாலும், “அவருடைய பாஸ்போர்ட்டைக் குடியுரிமைத் துறை அதிகாரிகள் சோதித்தபோது” என்றே நம் செய்தியாளர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பழக்கம் இப்போது கடல் கடந்துவிட்டது. அமெரிக்காவில் ஆவணமின்றித் தங்கியிருப்போரைப் பிடித்து வெளியேற்றும் அமைப்பும் தொலைக்காட்சியில் “குடியுரிமை அமலாக்கத் துறை” ஆகிவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் இதை எழுத்துப்பிழை போல ஒதுக்கிவிடலாம். இராமேசுவரத்தை அடுத்த எங்கள் மண்டபம் ஊரில் அப்படி ஒதுக்க முடியாது. இங்கே இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் இருப்போரின் வழக்கே, இமிக்ரேஷன் எனப்படும் குடிவரவுக்கும் குடியுரிமைக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இமிக்ரேஷன் என்பதன் வேர், இடம்பெயர்தலைக் குறிக்கும் ‘மிக்ராரே’ என்னும் இலத்தீன் வினை. உள்ளே என்னும் பொருள்படும் முன்னொட்டுச் சேர்ந்தால் இமிக்ரேஷன், வெளியே என்னும் முன்னொட்டுச் சேர்ந்தால் எமிக்ரேஷன். தமிழில் குடி என்பதற்கு வீடு, குடும்பம், குலம், மக்கள் எனப் பல பொருள்கள் உண்டு. வேற்றுநாட்டிலிருந்து வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்தவர்களைப் பட்டினப்பாலை “புலம்பெயர் மாக்கள்” என்றது. இன்று நாமோ, ஊரை விட்டுப் போனவர்களுக்கே அச்சொல்லைக் கொடுத்துவிட்டோம். வருபவரா போனவரா என்பதில் நமக்கு அக்கறை குறைந்து வெகுநாளாயிற்று.

குடியுரிமை என்பது ஒருவர் ஒரு நாட்டுக்கு உரியவர் என்னும் நிலை. இந்தியாவில் அதை வரையறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். பிறப்பு, வழித்தோன்றல், பதிவு, இயல்புரிமை ஆகிய வழிகளை அது பேசுகிறது. விமான நிலையச் சாளரத்தில் அமர்ந்திருப்பவர் இவற்றில் எதையும் எவருக்கும் வழங்குவதில்லை. வருபவரை உள்ளே விடலாமா, போகிறவரைப் போகவிடலாமா என்பதே அவர் பார்க்கும் வேலை. பிறந்தது முதல் இந்தியக் குடிமகனாக இருப்பவரும் அவரைக் கடந்துதான் வெளியே போக வேண்டும்.

அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெயரிலேயே குடிவரவையும் நாட்டுரிமையையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இரண்டையும் ஒருசேரக் கவனித்த பழைய அமைப்பு 2003 மார்ச்சில் கலைக்கப்பட்டு, அதன் வேலைகள் மூன்றாகப் பிரிந்தன. குடியுரிமை விண்ணப்பங்கள் ஓர் அமைப்புக்கும், எல்லைச் சோதனை வேறோர் அமைப்புக்கும், நாட்டுக்குள் தேடிப் பிடித்து வெளியேற்றுவது ஐஸ் எனப்படும் அமைப்புக்கும் போயின. அதன் கைது அதிகாரம் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 287ஆம் பிரிவிலிருந்து வருகிறது. உள்ளூர்க் காவலர்களையும் உடன்பாடு செய்து அப்பணியில் ஈடுபடுத்தும் உட்பிரிவு 1996இல் சேர்ந்தது. ஆக, குடியுரிமை அமலாக்கத் துறை என்னும் பெயர், அந்த அமைப்பிடமிருந்து சட்டம் விலக்கி வைத்த வேலையையே அதன் தலையில் சூட்டுகிறது.

அதிலுள்ள அமலாக்கமும் தொல்லைதான். அமல் அரபு வழி வந்தது என்பதற்காக நான் முகம் சுளிக்கவில்லை. தமிழ்நாட்டில் அமலாக்கத் துறை என்றாலே பணமோசடி வழக்குகளில் சோதனை போடும் நடுவண் அமைப்புத்தான் நினைவுக்கு வருகிறது. சுருக்கமாக ‘ஐஸ் அதிகாரிகள்’ என்று போட்டாலோ, மீன்பெட்டியில் ஐஸ் உடைத்துப் போடும் பாம்பன், இராமேசுவரம் பக்கத்தில் அதை எப்படிப் படிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

குடியுரிமை தவறு என்று ஒப்புக்கொள்பவர்களும் உடனே குடியேற்றம் என்பார்கள். இதுதான் வலுவான போட்டிச் சொல். அகராதியிலும் இருக்கிறது, 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தையும் நாளேடுகள் “குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம்” என்றே எழுதின. ஆனால் குடியேறுதல் என்றால் ஓரிடத்தில் தங்கி வேரூன்றுதல். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகில் போய் மறுநாள் திரும்புகிறவர் அங்கே குடியேறவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, சிறையிலிருந்து விடுதலையாகி, கொழும்பை அடுத்த மிரிகானை முகாமில் ஊருக்கு அனுப்பப்படும் நாளுக்காகக் காத்திருக்கும் மீனவர், இறாலுக்குப் போனவரே அன்றிக் குடியேறப் போனவர் அல்லர். ஆயினும் இலங்கையின் குடிவரவுச் சட்டம் அவரைத் தொடுகிறது. தங்குபவர், தங்காதவர், கடந்து போகிறவர் எல்லாரையும் தொடும் சட்டத்துக்குத் தங்குபவரை மட்டும் குறிக்கும் பெயரை வைப்பது, பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே வருகிறவர் எல்லாரும் இங்கேயே இருந்துவிடத்தான் வருகிறார்கள் என்ற ஐயத்தைக் கிளப்பும்.

குடியேற்றம் ஏற்கெனவே வேறு சுமைகளையும் சுமக்கிறது. குடியேற்ற நாடு என்றால் பிறர் ஆட்சிக்கு உட்பட்ட நாடு. இலங்கைத் தமிழர் காதில் அச்சொல், கல்லோயா போன்ற திட்டங்களால் அரசே மக்களைக் கொண்டுவந்து நிலத்தில் இருத்தியதையே நினைவூட்டும். போதாக்குறைக்கு, வெளியே போவதற்கும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதையே கையாளுகிறார்கள். கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களைக் காப்பது 1983ஆம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டம். அது வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பு. உள்ளே வருவோரைப் பார்ப்பது உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. இரண்டையும் குடியேற்றச் சட்டம் என்று எழுதிவிட்டால், பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ (எமிக்ரேஷன் சோதனை தேவை) என்று இருப்பவர் எந்த அலுவலகத்துக்கு மனுப் போடுவார்? ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறுவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தமிழில் அப்படிப் போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

ஏனென்றால் இலங்கைத் தமிழர் இதை என்றோ தீர்த்துவிட்டார்கள். அங்கே அத்துறையின் பெயர் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்கள் கரைக்கு இது புதிய சொல்லும் அன்று. குடிவரவிலும் குடி இருக்கிறதே, அதுவும் தங்குதல்தானே என்று கேட்கலாம். அந்தக் குடி குடிமக்களில் இருக்கும் குடி. குடிவரவு என்றால் மக்களின் வரவு. வந்தவர் இருப்பாரா போவாரா என்று வரவு முன்கூட்டியே தீர்ப்பளிப்பதில்லை. கணக்கேட்டில் வரவுக்கு எதிரே பற்று நிற்பதுபோல் எதிரே அகல்வு நிற்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் குடிநுழைவும் நல்ல சொல்தான், ஆனால் அதற்கு இப்படியொரு துணைச்சொல் வழக்கில் ஊன்றவில்லை.

இலங்கையில் இரு கருத்துகளும் ஒரே ஆண்டில் இரு சட்டங்களாயின: 1948இன் 18ஆம் எண் சட்டம் குடியுரிமை பற்றியது, 20ஆம் எண் சட்டம் குடிவருவோர், குடியகல்வோர் பற்றியது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது முதலாவது. அதன் தொடர்ச்சியாக 1964இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் பலர் ஊர் ஊராகப் போனார்கள்.

நம் புதிய சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை நீக்கி, அதுவரை நிருவாக ஆணையில் இயங்கிய குடிவரவுப் பணியகத்துக்குச் சட்ட அடிப்படை தந்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். உடன் வந்த விலக்கு ஆணை, 2015 சனவரி 9 வரை இங்கு வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அத்தண்டனையிலிருந்து விலக்களித்தது. அது தண்டனையை மட்டுமே விலக்குகிறது. குடியுரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குடிவரவைக் குடியுரிமை என்று எழுதிப் பழகிய கை இந்தச் செய்தியை எழுதினால், “குடியுரிமைச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்குச் சலுகை” என்றுதான் தலைப்பு வரும். முகாமில் அதைப் படிப்பவர் வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 2022இல் விலைவாசி தாங்காமல் படகேறி வந்து, தனுஷ்கோடியை அடுத்த மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, கடலோரக் காவலர்களால் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அந்தத் தேதிக்குப் பின்னால் வந்தவர்கள். அந்த விலக்கும் அவர்களுக்கு இல்லை.

அமெரிக்க அமைப்பை அமெரிக்கக் குடிவரவு, சுங்கச் செயலாக்க முகமை என்று எழுதலாம். நீளம் என்று தோன்றினால், இரண்டாம் முறை முதல் குடிவரவு முகமை என்றாலே போதும்.