முட்டி ஆர்த்ராஸ்கோப்பிக்குப் பிறகு ட்ரெய்ன் குழாய்: வைத்தால் பயம், வைக்காவிட்டால் சந்தேகம்

"பக்கத்து பெட்டில் இருப்பவருக்கு முட்டியில் குழாய் விட்டு ரத்தத்தை எடுக்கிறார்கள், எங்கள் பையனுக்கு ஏன் வைக்கவில்லை, மறந்துவிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. குழாய் வைத்திருந்தால் கேள்வி வேறு மாதிரி வரும்: "உள்ளே ஏதோ சிக்கலாமே?" வைத்தாலும் சந்தேகம், வைக்காவிட்டாலும் சந்தேகம். எலும்பு மூட்டு மருத்துவராக இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

முட்டியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு மூன்று துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவையும் இன்னொன்றில் கருவியையும் விட்டுச் செய்வதுதான் ஆர்த்ராஸ்கோப்பி. உள்ளே தெளிவாகத் தெரிவதற்காக லிட்டர் கணக்கில் சலைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடிக்கும்போது முடிந்தவரை வெளியேற்றிவிடுவோம், ஆனால் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். தொடையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டிய டூர்னிக்கேவை அவிழ்த்ததும், எலும்பில் துளையிட்ட இடங்களிலிருந்தும் மூட்டின் உள்சவ்விலிருந்தும் ரத்தம் கசியும். இந்தக் கலவை மூட்டுக்குள் நிறைந்தால் முட்டி விம்மி வலிக்கும், தொடையின் முன்பக்கத் தசை சரியாக வேலை செய்யாது, காலை நீட்டித் தூக்கவே வராது. அதைத் தவிர்க்கத்தான் ட்ரெய்ன்: பென்சிலைவிட மெல்லிய, ஓரத்தில் ஓட்டைகள் உள்ள குழாய், மறுமுனையில் அமுக்கிவைத்த பிளாஸ்டிக் டப்பா. டப்பா விரிய முயலும்போது உள்ளே இருப்பதை இழுத்துக்கொள்ளும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஒரு காலத்தில் ஏ.சி.எல். லிகமென்ட் (முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் நார்) மாற்று அறுவை சிகிச்சை என்றாலே பலரும் குழாய் வைத்தார்கள். ஆனால் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் முட்டி மடங்குவதிலோ வலியிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. முதல் ஒன்றிரண்டு நாள் வீக்கத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவுதான். குழாயும் சும்மா வருவதில்லை. அது தோலிலிருந்து நேராக மூட்டுக்குள் போகும் ஒரு பாதை, அதிக நாள் இருந்தால் கிருமியும் அதே வழியில் உள்ளே போகலாம். எடுக்கும்போது சுருக்கென்று வலிக்கும். அபூர்வமாக, தையலில் மாட்டியோ அறுந்தோ ஒரு துண்டு உள்ளேயே நின்றுவிடுவதும் உண்டு. இன்று ரத்தக் கசிவைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தும் கையில் இருக்கிறது. அதனால் வழக்கமான ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்கு நான் குழாய் வைப்பதில்லை. முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வைச் சீவி எடுப்பது மாதிரி சின்ன வேலைக்குக் கேள்வியே இல்லை.

அப்படியானால் யாருக்குத்தான் வைப்பது? மூட்டின் உள்சவ்வைப் பெரும்பகுதி வழித்தெடுத்தவர்களுக்கு, முட்டிச் சில்லின் வெளிப்பக்க இறுக்கத்தை வெட்டி விட்டவர்களுக்கு (அந்த இடத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது, அது சும்மா இருக்காது), ரத்தம் உறைவதில் குறை உள்ளவர்களுக்கு யோசித்து வைப்போம். மூட்டில் சீழ் பிடித்துக் கழுவி விட்டவர்கள் கதை தனி. அங்கே குழாய் ரத்தத்துக்காக மட்டும் இல்லை, மிச்சமிருக்கும் அழுக்கு வெளியேறவும்தான். அதனால் பக்கத்து பெட்டோடு ஒப்பிடுவதில் பலனில்லை. அவருக்கு என்ன அறுவை சிகிச்சை என்பதே உங்களுக்குத் தெரியாதே!

குழாய் இருந்தால் டப்பாவில் நிறைவதைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுகிறார்கள். முதல் சில மணி நேரத்தில் வருவதில் சலைன் கலந்திருக்கும், அத்தனையும் ரத்தம் இல்லை. "கெட்ட ரத்தம் போகட்டும், இன்னொரு நாள் இருக்கட்டுமே" என்பதும் அடிக்கடி கேட்கும் கோரிக்கை. அது கெட்ட ரத்தம் இல்லை, உங்கள் ரத்தமேதான். வருவது குறைந்ததும், பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவோம். அதுவரை டப்பா முட்டியைவிடத் தாழ்வாக இருக்கட்டும், பாத்ரூம் போக எழும்போது அதையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா முழுதாக விரிந்துவிட்டால் இழுக்கும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம், நர்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களே திறக்க வேண்டாம். குழாய் தானாக உருவிக்கொண்டால் திரும்பச் செருகப் பார்க்காதீர்கள். திடீரென்று பளிச்சென்ற சிவப்பில் வேகமாக நிறைந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

குழாய் இல்லாதவர்களுக்கு முதல் நாள் கட்டு இளஞ்சிவப்பாக நனையலாம். துளை வழியே சலைன் கசிகிறது, பரவாயில்லை. காலை உயரத்தில் வைத்து, துணி சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள், பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் கெண்டைக்கால், கணுக்கால் வரை நீலம் பாய்ந்து, "அங்கே யாரும் வெட்டவே இல்லையே" என்று தோன்றும். மேலே கசிந்த ரத்தம் தோலுக்கடியில் கீழே இறங்கியதுதான், தானே மறைந்துவிடும். மூட்டு கல்லாக இறுகி வலித்தால் கிருமி உள்ளே போகாதபடி ஊசியால் உறிஞ்சி எடுக்க முடியும், எடுத்ததும் முகம் தெளிவதை அங்கேயே பார்க்கலாம்.

மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, குளிருடன் காய்ச்சல், துளையில் சீழ், பாதம் மரத்துப்போவது, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் ஆகிய எதற்கும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் போன் செய்துகொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்புறம் ஒன்று, இது அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டியது. இதயத்துக்காக ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ வேறு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறீர்கள் என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கினால் நிற்காமல் ரத்தம் வந்தது, சின்ன அடிக்கே முட்டி வீங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவரும் நாங்களும் பேசி முடிவு செய்வோம்.