டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள்

முதல் மனை வாங்குகிற பையன்கள் என் அலுவலகத்துக்கு வரும்போது கையில் பத்திரம் இருக்காது, போனில் வீடியோ இருக்கும். நாலைந்து பனை, அதற்குப் பின்னால் பளபளவென்று கடல், வெள்ளையடித்த கற்கள், கூடவே ஒரு பாட்டு. "சார், லீகல் பார்த்துத் தரணும்." அட்வான்ஸ் எப்போது கொடுப்பதாகப் பேச்சு என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். கொடுத்தாகிவிட்டது. ஐம்பதாயிரம், ரொக்கம், ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, தேவிபட்டினத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கடலோரச் சொத்துகளின் பத்திரங்களைப் படித்துக் கருத்துரை எழுதுவது என் பிழைப்பு. வங்கிக்கும் எழுதுகிறேன், தனி ஆட்களுக்கும் எழுதுகிறேன். இருபத்தைந்து வயதில் நிலம் வாங்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் நாளைக்கு அதை உங்களிடமிருந்து யார், எந்த வங்கியில் கடன் போட்டு வாங்குவார் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த ஆள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதற்குப் பெயர் முதலீடு இல்லை, வேலி போட்டு வைத்த செலவு.

போன வருடம் ஒரு தம்பி வந்தான். கோவையில் வேலை, சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். மண்டபத்துக்கு முந்தின ஒரு கிராமத்தில், வடகடலைப் பார்த்தாற்போல் ஐந்து சென்ட் பேசியிருந்தான். (வெளியூர்க்காரர்களுக்கு: பாக் விரிகுடா எங்களுக்கு வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு இடத்தைப் பார்க்கப் போனேன். ஜேசிபி விட்டுச் சீமைக்கருவேலத்தை வழித்துத் தள்ளியிருந்தார்கள். நோட்டீஸில் முப்பதடி ரோடு. சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், விரித்துப் பார்த்தால் அந்த ரோடு வருகிற துண்டு வேறொருவர் பட்டாவில் இருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் கடல்தான். நனைந்த மணல் முடிகிற இடத்திலிருந்து மனையின் முதல் கல் வரை காலால் அளந்தேன். இருநூறு எட்டு. என் எட்டு முக்கால் மீட்டர்கூட வராது. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கல்லா? ஐப்பசி, கார்த்திகையில வாடை அடிச்சா அதுல வத்தையக் கட்டலாம் தம்பி" என்றார். வத்தை என்றால் எங்கள் பக்கத்துப் படகு. எனக்குத் தெரிந்து அந்த மனைக்கு எழுதப்பட்ட மிகச் சரியான லீகல் ஒப்பீனியன் அதுதான்.

சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட அதையே. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். சிஆர்இசட் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். 1991-இல் முதல் அறிவிக்கை, பிறகு 2011, 2019. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதிதாக வீடு எழுப்ப முடியாது. சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் நெருக்கமான இடங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது 2019 அறிவிக்கை. பனையும் உடைமரமும் மட்டும் நிற்கிற கரை அந்தக் கணக்கில் எங்கே வரப்போகிறது? கரையிலேயே காலங்காலமாகத் தொழில் பார்க்கிற மீனவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு, கோவையிலிருந்து வருகிறவருக்கு இல்லை. என் எட்டுக் கணக்கு வெறும் எச்சரிக்கை மணிதான். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் அந்த சர்வே எண் எங்கே விழுகிறது என்று பொருத்திப் பார்க்க வேண்டும்.

"அப்புறம் எப்படி சார் ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுக்குறேங்கிறாங்க?" என்று கேட்டான் தம்பி. நல்ல கேள்வி. பத்திரப்பதிவு என்றால் அரசாங்கமே இடத்துக்கு ஜாமீன் நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இன்னாருக்கு இன்னார் இதை விற்றதாக ஒரு பத்திரம் வந்தது, பதிந்தோம், அவ்வளவுதான். விற்றவருக்கு உரிமை இருந்ததா, அங்கே வீடு கட்ட முடியுமா என்பதற்கு அந்த முத்திரை பதில் சொல்லாது.

மனைகளுக்கு ஒரு தடுப்பு உண்டு. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவு போட்டது. அடுத்த மாதமே பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவான துண்டுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அதன் பிறகு வீடியோக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மனை என்று எழுதாமல் புஞ்சை நிலம் ஐந்து சென்ட் என்று எழுதுவது. அல்லது மூன்று ஏக்கரில் பிரிபடாத பாகம் என்று எழுதுவது. பத்திரம் பதிவாகும். கல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்காது.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்பார்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், ஒப்புதல் எண் வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போட்ட வரைபடம் அதற்கு ஈடாகாது. 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ பிரித்து விற்றால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவும் வேண்டும். எண்ணைக் கேளுங்கள், அவர்கள் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத மனைக்கு வங்கி கடன் தருவது அபூர்வம். உங்களுக்குத் தராத வங்கி, உங்களிடம் வாங்க வருகிறவருக்கும் தராது.

சரி, ஒப்புதல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விற்கிறவருடைய இடம்தானா? எனக்குத் தலை நரைத்தது இந்தக் கேள்வியால்தான்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம் மட்டுமே வரும். பதியாத உயில் வராது. கோர்ட்டில் நடக்கிற வழக்கு பெரும்பாலும் வராது. எங்கள் பக்கம் இன்னொன்று: முஸ்லிம் குடும்பங்களில் வாய்மொழியாகக் கொடுக்கும் தானம், ஹிபா. கொடுத்தவர் சொல்லி, வாங்கியவர் ஏற்று, இடத்தையும் ஒப்படைத்துவிட்டால் பதிவே இல்லாமல் அது செல்லும். பெரியபட்டினத்திலோ கீழக்கரையிலோ இடம் பார்த்தால், அந்தத் தெருவில் நாலு பேரிடம் "இந்த இடத்தை இப்ப யாரு அனுபவிக்கிறா?" என்று கேட்காமல் நான் கருத்துரை எழுதுவதில்லை.

வாரிசு விஷயம் எல்லா வீட்டிலும் ஒரே கதை. அப்பா இறந்தபின் அண்ணன் தம்பி மூன்று பேர் கையெழுத்துப் போடத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். வாரிசுச் சான்றைப் பார்த்தால் இரண்டு சகோதரிகள் இருப்பார்கள். "அதுகளுக்குச் சீர் செஞ்சாச்சு சார்." சீர் செய்தது வேறு, பாகம் வேறு. இந்துக் குடும்பத்தில் மகளுக்கும் மகனைப் போலவே சமபங்கு என்பது 2005 திருத்தம். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முஸ்லிம் குடும்பத்தில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று, மனைவிக்கும் பங்கு உண்டு. ஒரு அக்கா மலேசியாவில் இருந்தாலும் சரி, பேச்சுவார்த்தை இல்லாமல் பத்து வருடம் ஆனாலும் சரி, அவர் கையெழுத்தோ அவர் கொடுத்த பவரோ இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சேதுபதிகள் ஆண்ட சீமை இது. கோயிலுக்கும் தர்காவுக்கும் அவர்கள் எழுதி வைத்த நிலம் ஏராளம். இடையில் யாராவது பட்டா வாங்கியிருப்பார், அதை வைத்து இரண்டு கிரயமும் நடந்திருக்கும். பட்டாக்களைப் புதிதாக எழுதிய நிலவரித்திட்டத்தில் நடந்த பெயர்க் குழப்பங்களும் சேர்ந்துகொள்ளும். கடைசிப் பட்டாவோடு நிறுத்தாமல், எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டையும் பழைய மூலப்பத்திரத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். கண்மாய், ஊருணி, ஓடை என்று பதிவேட்டில் இருந்தால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. வேலைக்காக வெளிநாட்டில் தங்கியிருக்கும் இந்தியர் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி விவசாய நிலமோ தோட்டமோ பண்ணைவீடோ விலைக்கு வாங்க முடியாது. வீட்டுமனை வாங்கலாம், வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். பரம்பரையாக வரும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். துபாயிலிருந்து பணம் அனுப்பி, மச்சானுக்கு பவர் கொடுத்து, தென்னந்தோப்பு இரண்டு ஏக்கர் தன் பெயரில் கிரயம் முடித்துவிட்டு வந்து நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தோப்பு நன்றாகத்தான் இருந்தது. விற்கும்போது வங்கிப் படிவத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்.

பணக் கணக்கு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, கிரயத்தொகை இரண்டில் எது அதிகமோ அதன்மேல். ஆறு லட்சம் மனைக்கு 54,000. அப்புறம் புரோக்கர், பத்திரம் எழுதும் கூலி, வேலி. பத்து சதவீதத்துக்கு மேல் விலை ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்குங்கள், ஆனால் அது அவர்கள் சொத்துதான் என்ற மனதோடு வாங்குங்கள். ஆறாயிரம் மிச்சம் பிடிக்கப்போய்க் குடும்ப நீதிமன்றம் வரை வந்தவர்கள் உண்டு.

அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ விற்கிறவர் ரொக்கமாக வாங்கினால், அவருக்கு அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதைச் சொன்னவுடன் அக்கவுண்ட் நம்பர் தர மறுக்கிறவரிடம் இடமே வாங்க வேண்டாம். மாதத்தவணை மனைத் திட்டங்களைப் பற்றி என் கருத்து மோசமானது. ஐந்து வருடம் அட்டையில் முத்திரை குத்தி, கடைசியில் மனை எங்கே என்று தேடுகிறவர்களைத்தான் நான் சந்திக்கிறேன். ரெராவின் கீழ் வரும் திட்டத்தில், பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. கையில் இருப்பது ஒரு லட்சம்தான், கட்டட வாடகை வருமானத்தில் பங்கு வேண்டும் என்றால் பங்குச்சந்தையில் ரீட் (வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் முதலீட்டு அறக்கட்டளை) யூனிட் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. விலை ஏறும், இறங்கும், ஆனால் பங்காளிச் சண்டை இல்லை.

இவ்வளவு பேசுகிற எனக்கும் இந்தக் காய்ச்சல் வந்து தெளிந்ததுதான். 2005-இல் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியபோது கப்பல் வரப்போகிறது, ஊர் சிங்கப்பூர் ஆகப்போகிறது என்று பேச்சு. தொழிலுக்கு வந்த புதிது. கடன் வாங்கிச் சாலைக்கு உள்ளடங்கி ஏழு சென்ட் வாங்கினேன். பத்திரத்தில் நான்குமால், அதாவது நாலு பக்க எல்லை, எழுதும்போது "வண்டிப்பாதைக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தது. பாதை இருக்கிறது என்று நம்பிவிட்டேன். புலப்படத்தில் அப்படி ஒரு பாதையே கிடையாது. மாட்டுவண்டி போய் வந்ததைப் பார்த்து யாரோ பழைய பத்திரத்தில் எழுதியதை அடுத்தவர், அடுத்தவர் என்று அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். பக்கத்துக்காரர் முள்வேலி போட்டார், பாதை முடிந்தது. போர் போட்டால் உப்புத்தண்ணீர். கப்பலும் வரவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த வாரம், அதே இடத்துக்காக இரண்டு புரோக்கர்கள் போன் செய்தார்கள். வந்து பார்த்தார்கள். பாதை எங்கே என்று கேட்டார்கள். போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆள் விட்டுக் கருவேலத்தை வெட்டிவிடுகிறேன். விட்டுவிட்டால் பன்னிரண்டு வருட அனுபவம் என்று யாராவது உரிமை பேச வந்துவிடுவார்கள்.

அந்தத் தம்பிக்கு ஐம்பதாயிரத்தில் முப்பதுதான் திரும்பியது, அதுவும் ஏழெட்டு நடை நடந்த பிறகு. அவனை அனுப்பும்போது சொன்னேன்: அடுத்த இடத்தைப் பார்க்க மழைக்காலத்தில் ஒருமுறை போ, பக்கத்து வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடி, பாதையைப் படத்தில் தேடு.

இந்த மாசியில் மறுபடி வந்தான். ராமநாதபுரம் டவுனை ஒட்டி மூன்று சென்ட். பேச்சு மட்டும் நடந்திருக்கிறது, டோக்கன் கொடுக்கவில்லை. பையிலிருந்து புலப்படத்தை எடுத்து வைத்தான், பாதைமேல் சிவப்புப் பேனாவில் கோடு. பிறகு ஒரு வாட்டர் பாட்டிலை எடுத்தான். "பக்கத்து வீட்டு போர்த் தண்ணி சார். குடிச்சுப் பாருங்க."

ஒரு வாய் குடித்தேன். லேசாகக் கரித்தது. "பாத்திரம் கழுவலாம், சோறு பொங்க முடியாது" என்றேன்.

"அதைச் சொல்லித்தான் சென்ட்டுக்குப் பத்தாயிரம் குறைச்சிருக்கேன் சார்" என்றான்.