கார்புரேட்டரைக் கழற்றும் முன் பெட்ரோல் குழாயின் பல்பை அமுக்கிப் பாருங்கள்

கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் ஃபைபர் போட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. கரையில், போட்டின் பின்னால் மாட்டிய பெட்ரோல் மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துவிடும். மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் தெரியாது. அலையைத் தாண்ட ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போதுதான் வேகம் இறங்கி, விக்கி விக்கி நின்றுபோகும். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் முகத்துவாரங்களில் இப்படி நின்றால் போட் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். கவிழ்க்க ஒரு அலை போதும். பெட்ரோல் போகும் வழியை மெக்கானிக் மட்டுமல்ல, போட்டில் ஏறும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஸ்விட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் தீப்பொறி தரும் காயில், பிளக், ஒயர் பக்கம் பாருங்கள். பலம் குறைந்து, இருமி, தடுமாறி நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அப்போது பலரும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அதைக் கடைசியில் தொட்டால் போதும்.

காரணம் அந்த வழியின் அமைப்பிலேயே இருக்கிறது. டேங்க் போட்டின் தரையில் இருக்கிறது, மோட்டார் அதற்கு மேலே. பெட்ரோலை ஏற்றிவிடுவது மோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் உள்ளங்கையளவு பம்பு. டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் அதை இயக்க பெல்ட்டும் இல்லை, கரண்டும் இல்லை. பிஸ்டன் மேலே போகும்போது, அதற்குக் கீழே உள்ள மூடிய அறையான கிராங்க் கேஸில் அழுத்தம் குறைகிறது, கீழே வரும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒரு சின்னத் துளை வழியாக வந்து, டயாபிரம் என்ற மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது. 4,800 ஆர்பிஎம்மில் நொடிக்கு 80 தடவை. சவ்வு ஒரு பக்கம் நகரும்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும், மறுபக்கம் நகரும்போது கார்புரேட்டருக்குப் போகும்.

ஆக, டேங்கிலிருந்து பம்பு வரைக்கும் உள்ள குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் இளநீர் சிந்தவா செய்கிறது? உறிஞ்சினால் காற்றுதான் வரும். குழாய் காய்ந்திருக்கிறது, லீக் இல்லை என்று நம்பி நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். குழாய் மோட்டாரோடு மாட்டும் கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுந்தி எழும்பினால் நல்லது. உப்பும் வெயிலும் பட்டு இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள். கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க நல்ல கருவி, குழாயின் நடுவே, கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்ற வைத்திருக்கும் ரப்பர் பல்புதான். அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். மோட்டார் பக்கத்து முனை மேலே வரும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால் சில அமுக்கில் கெட்டியாகும். ஆகவில்லையென்றால், டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டேங்க் பக்கம் காற்று புகுகிறதா, பல்பின் வால்வு போய்விட்டதா, கார்புரேட்டர் நிரம்பி வழிகிறதா என்று தேடுங்கள்.

மோட்டார் திணறும்போது ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பல்பை அமுக்கட்டும். அமுக்க அமுக்க மோட்டாருக்கு உயிர் வந்தால் கார்புரேட்டர் மேல் பழி இல்லை. பம்பு சோர்ந்திருக்கிறது, அல்லது அதற்கு முன்னால் காற்றோ அடைப்போ இருக்கிறது. பல்பு சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம். முதலில் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். கரையில் மூடிவைத்ததைத் திறக்க மறந்தால், எடுத்த பெட்ரோலின் இடத்துக்குக் காற்று வராமல், கொஞ்ச தூரம் ஓடி மோட்டார் நிற்கும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் சந்தேகமே வேண்டாம். திருகு திறந்திருந்தும் சப்பினால், டேங்குக்குள் இருக்கும் சல்லடையையும், உள்சுவர் உரிந்து அடைத்துக்கொண்ட பழைய குழாயையும் பார்க்க வேண்டும். அமுக்கியும் மாற்றமில்லை, பல்பும் கெட்டியாகவே இருக்கிறது என்றால் அடைப்பு அதைத் தாண்டி.

பம்பைப் பிரித்தால் சவ்வை வெளிச்சத்தில் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கீறல் அப்போதுதான் தெரியும். சவ்வு கிழிந்தால் அந்தச் சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் நேராக கிராங்க் கேஸுக்குள் போகும். புகை கூடும், பலமும் இருக்காது.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் மோட்டாரில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. திணறும் மோட்டாரை முறுக்கி ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தாலும் அப்படித்தான். இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் படியும். ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். குழாயோ அடியிலிருந்துதான் இழுக்கிறது! ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையேற்றி வைத்த போட்டின் டேங்கிலிருந்து அடிப் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அசையாமல் வையுங்கள். நடுவே கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்கு தெரிந்தால் அந்த டேங்கைக் குலுக்கிப் பயன்படுத்தாதீர்கள், பெட்ரோலை முழுக்க மாற்றுங்கள். பக்கத்தில் பீடி நெருப்பு கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், போட்டின் அடியிலேயே தேங்கி நிற்கும்.

இத்தனையும் சரி என்றால்தான் கார்புரேட்டர். மெதுவாக ஓடும்போது நின்று, வேகத்தில் நன்றாக ஓடினால், மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைப்பு. வேகத்தில் மட்டும் திணறினால், வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரானால், அணைப்பதற்குச் சற்று முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கினால் குளிர்ந்த மோட்டார் மறுபடி லேசில் பிடிக்காது. ஜெட் பித்தளை, கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஊசியான ஃப்ளோட் நீடிலின் முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.