லிராரிஸ்: யாழிசைஞர் அல்லர், லீராக்காரர்

கிரேக்கத்தின் கிரீட் தீவில் கல்யாணமோ ஊர்த் திருவிழாவோ நடந்தால் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பேரிக்காய் வடிவச் சின்னக் கருவியை முழங்கால் மேல் நிறுத்தி, வில்லால் இழுத்து வாசித்துக்கொண்டே பாடுவார். அவரைச் சுற்றித்தான் ஆட்டம் நடக்கும். அவரைத்தான் லிராரிஸ் என்கிறார்கள். இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'லீரா' என்ற கருவிப் பெயரோடு தொழிலைக் குறிக்கும் 'ஆரிஸ்' விகுதி சேர்ந்த சொல் இது. படகை 'வார்கா' என்பவர்கள் படகோட்டியை 'வர்காரிஸ்' என்பதும் இப்படித்தான். விகுதி லத்தீன் வழி வந்தது. லீரா அதைவிட மிகப் பழையது. கிரேக்கத்தின் தீப்ஸ் நகரில் கிடைத்த, மூவாயிரம் ஆண்டுக்கும் முந்தைய மைசீனியக் காலத்துக் களிமண் பலகையிலேயே லீரா வாசிப்போர் இருவரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. இத்தாலியின் பழைய நாணயமான லிராவுக்கும் இதற்கும் உறவில்லை. அது 'லிப்ரா' என்ற லத்தீன் எடைச் சொல்லிலிருந்து பிறந்தது. இன்றைய கிரேக்கத்தில் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும், எழுத்தில்தான் வேறுபாடு.

லீராவைத் தமிழில் யாழ் என்று எழுதிவிடுகிறோம். பழங்கால லீராவுக்கு அது ஓரளவு பொருந்தும்: ஆமையோட்டின் மேல் தோல் போர்த்தி, நரம்பு கட்டி மீட்டிய கருவி அது. வேகா விண்மீன் இருக்கும் கூட்டத்தை யாழ் என்பதிலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் இடைக்காலத்தில், பைசாந்தியப் பேரரசு இருந்தபோது, இந்தப் பெயர் வில்லால் வாசிக்கும் கருவிக்கு இடம் மாறிவிட்டது. கிரீட் லீராவுக்கு மூன்றே தந்தி. விரல் நுனியால் தந்தியை அழுத்துவதில்லை. நகத்தைப் பக்கவாட்டில் தந்தியில் பதித்துச் சுரம் பிடிக்கிறார்கள். யாழில் இதெல்லாம் ஏது?

சரி, வில் இருப்பதால் 'வில்யாழ்' எனலாமா? கூடாது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழங்கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி மீட்டும் வில்யாழில், வில்தான் கருவியின் உடம்பு. லீராவுக்கு வில் தனி. நல்ல பழஞ்சொல்லைத் தவறான இடத்தில் வைத்து வீணாக்க வேண்டாம்.

லிராரிஸ் என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும் என்று அறிய, கிரீட்டின் புகழ்பெற்ற லிராரிஸ் நீக்கோஸ் க்சிலூரிஸின் வாழ்க்கையைப் பார்க்கலாம். 1936-இல், ப்சிலோரிதிஸ் மலைச்சரிவில் அனோயா என்னும் மேய்ப்பர் ஊரில் பிறந்தவர். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை அந்த ஊரைத் தரைமட்டமாக்கியபோது அவருக்கு எட்டு வயது. பதினேழு வயதில் லீராவோடு கிரீட்டின் பெரிய நகரான இராக்லியோவுக்குப் போனார். அங்கே டாங்கோவுக்கும் வால்ட்ஸுக்கும்தான் மவுசு. பிழைக்க வேண்டுமே, அந்த மெட்டுகளையும் லீராவில் வாசிக்கப் பழகினார். 1958-இல் முதல் இசைத்தட்டு வந்தது. அவருடைய தம்பி ப்சரந்தோனிஸும் பேர்பெற்ற லிராரிஸ்.

இராணுவ ஆட்சி நடந்த 1971-இல், இசையமைப்பாளர் யானிஸ் மார்க்கோபுலோஸுடன் சேர்ந்து 'ரிசிதிகா' பாடல்களை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். 'ரிசா' என்றால் வேர். மலையின் வேர் அதன் அடிவாரம். மேற்கு கிரீட் மலையடிவாரத்தில் தலைமுறைகளாகப் பாடிவந்த பாட்டுகள், அந்த நேரத்தில் ஆட்சியை எதிர்க்கும் குரலாகவே மக்கள் காதில் விழுந்தன. 1973 நவம்பரில் ஏதென்ஸ் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அந்த ஆட்சியை எதிர்த்துப் போராடியபோது, உள்ளே போய் அவர்களோடு நின்று பாடினார். 1980 பிப்ரவரி 8-இல் புற்றுநோயால் இறந்தார். வயது 43தான்.

இவரை 'லீரா வித்துவான்' என்றால் கச்சேரி மேடைதான் நினைவுக்கு வருகிறது. திருவிழாவும் ஆட்டமும் விடுபட்டுப் போகின்றன. 'பாணர்' நெஞ்சுக்கு நெருக்கமான சொல், ஆனால் அது ஒரு குடியின் பெயர். லீரா பழகிய யாரும் லிராரிஸ் ஆகலாம், குடிவழி தேவையில்லை. நாயனக்காரர், தவில்காரர் என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அந்தக் 'காரர்'தான் 'ஆரிஸ்' விகுதிக்கு நேரானது. ஆகவே லீராக்காரர். கட்டுரை நடைக்கு 'லீரா இசைஞர்' என்றும் எழுதலாம். வாசிப்பவர் பெண் என்றால் கிரேக்கத்தில் லிராரிசா என்பார்கள். தமிழில் அப்போதும் லீராக்காரர் என்றே மதிப்போடு எழுத முடியும்.