மூன்றாந்தரப் பாதையா, மூன்றாம் படியா?

ஏற்காட்டில் பாறையேற்றப் பயிற்சி என்று ஒரு துண்டறிக்கை கைக்கு வந்தது. 'மூன்றாம் தரப் பாதை, கட்டணம் 800 ரூபாய்' என்று போட்டிருந்தார்கள். அஸ்தம்பட்டி டீக்கடையில் பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மூணாந்தரத்துக்கே எண்ணூறுன்னா முதல் தரம் என்ன விலைங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

பாதை எவ்வளவு கஷ்டம் என்று சொல்லும் 'கிரேடு' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் தரம் ஆக்கியிருக்கிறார்கள். கிரேடு என்பது லத்தீனில் காலடி, படி என்று பொருள்படும் 'கிராடுஸ்' என்ற சொல்லின் வழி வந்தது. படி நம்மிடமே இருக்க, தரத்துக்கு ஏன் போனார்கள்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகாத பழக்கம்தான்.

தரம் நல்லது கெட்டது பிரிக்கிற சொல். சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளில் காப்பிக் கொட்டையைத் தரம் பிரிப்பார்கள். அங்கே அது சரி. முதல் தரம் உசத்தி, எண் ஏற ஏற மட்டம். மலைப்பாதையில் எண் ஏறினால் கஷ்டம் ஏறுகிறது, அவ்வளவே. அமெரிக்காவின் யோசெமிட்டி முறையில் 1 சும்மா நடை. 2இல் எப்போதாவது கை ஊன்ற வேண்டும். 3இல் கையும் காலுமாகத் தொற்றி ஏற வேண்டும். ஸ்கிராம்பிளிங் என்பது இதைத்தான். 4இல் விழுந்தால் உயிர் போகலாம், பலர் கயிறு கட்டிக்கொள்வார்கள். 5 கயிற்றோடு ஏறும் செங்குத்துப் பாறை. இதில் மட்டமானது எது?

இலங்கையில் பள்ளி வகுப்பையே 'தரம் 5' என்கிறார்களே என்றார் ஒரு நண்பர். அங்கே பழகிவிட்டது. சேலத்தில் மூன்றாந்தரம் என்றால் வசவு.

'வகுப்பு' என்பாரும் உண்டு. யோசெமிட்டிக்காரர்களே கிளாஸ் என்பதால் அது பரவாயில்லை. ஆனால் பிரிட்டனில் தொற்றி ஏறும் பாதைகளுக்கென்றே 1 முதல் 3 வரை தனி கிரேடு இருக்கிறது. அங்கே 1க்கே கை வேண்டும். எந்த நாட்டு முறை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போடுவது எந்தச் சொல்லை வைத்தாலும் ஆபத்து.

யோசெமிட்டியின் 5ஐ மட்டும் புள்ளி வைத்து 5.1, 5.2 என்று மேலும் பிரிப்பார்கள். அதே துண்டறிக்கையில் 5.10ஐ 5.1 ஆக்கியிருந்தார்கள். இது தசமக் கணக்கு இல்லை, 5.9க்கு அடுத்தது 5.10. பூஜ்யத்தை வெட்டிய புண்ணியவான் கஷ்டமான பாறையைத் தொடக்கக்காரருக்கு ஏற்றதாக்கிவிட்டார்.

அப்புறம் இந்த எண் முறைக்கு 'கடினத்தன்மை மதிப்பீட்டு அளவுகோல்' என்று ஒரு பெயர். படிக்கவே மூச்சு வாங்குகிறது. கடுமை போதாதா? என் கணக்கில் இது கடுமைப்படி. களைப்பை அது அளப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்: அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற்காடு போனால் கால் கழன்றுவிடும், ஆனாலும் கை வைக்காத நடை என்றால் முதல் படிதான்.

பெரியவரிடம் மூன்றாம் படி என்று சொல்லிப் பார்த்தேன். "கோயிலுக்குக் கட்டின மாதிரி படி கட்டியிருக்காங்களா?" என்றார். சரி, அதற்காகத்தான் கடுமைப்படி என்று முழுசாக எழுதச் சொல்கிறேன்.