பின்னால் வைத்த ஸ்பீக்கர் உண்மையிலேயே பேசுகிறதா?

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஓர் எலக்ட்ரோனிக் கடைக்குள் போய், "தம்பி, ரீவிக்கு ஒரு ஹோம் தியேட்டர் செட் வேணும்" என்று கேட்டால், அவர் முதலில் காட்டுவது அட்டைப்பெட்டியில் அச்சடித்த இலக்கங்களைத்தான். 5.1. 7.1. 10,000 வாட்ஸ் பிஎம்பிஓ. ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி, ரிமோட், வயர் எல்லாம் ஒரே கட்டாக வரும். முதன்முதலாக வாங்குபவருக்குக் கட்டாக வாங்குவது நல்லதுதான். எந்த ஸ்பீக்கருக்கு எந்த அம்ப் பொருந்தும் என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் வைக்கப்போகும் இரண்டு பெட்டிகளுக்கும் தனியான ஒலி போய்ச் சேருமா என்பதை அந்த இலக்கங்களில் ஒன்றுகூடச் சொல்லாது. காசு கொடுப்பதே அதற்காகத்தான்.

அதைப் புரிந்துகொள்ளக் காதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரவில் முற்றத்தில் நிற்கும்போது இடப்பக்கம் எங்கோ ஒரு நாய் குரைத்தால், கண்ணை மூடியிருந்தாலும் திசை தெரிந்துவிடுகிறது. குரைப்பு இடக்காதுக்கு முதலில் வருகிறது, தலையைச் சுற்றிக்கொண்டு வலக்காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகிறது. அந்தப் பிந்தல் ஆகக்கூடியது 0.7 மில்லிசெக்கன் அளவுதான். தலை குறுக்கே நின்று மறைப்பதால் வலக்காதில் ஒலியின் பலமும் குறைகிறது. தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வித்தியாசமும் கூர்மையான ஒலிகளுக்குப் பலத்தின் வித்தியாசமும் திசை காட்டுகின்றன என்று 1907இல் விளக்கியவர் இங்கிலாந்துப் பௌதிகவியலாளர் ரேலி பிரபு. முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் காட்டிக்கொடுக்கின்றன.

இதற்கு எதிர்மாறான அனுபவம் மட்டக்களப்பாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பை வாவிக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு ஒட்டிவைத்தால் பாடும் மீனின் ஒலி கேட்கும் என்பார்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. துடுப்பு வழியாக ஒரு காதுக்கு மட்டும் வருகிற ஒலியை ஒப்பிட்டுப் பார்க்க மற்றக் காதில் ஒன்றும் இல்லையே. தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தாலும் பயனில்லை. நம்மூர் வெக்கையில் ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடுகிறது, நீரிலோ 1500 மீற்றர். வேகம் நான்கு மடங்குக்கு மேல் என்பதால் இரு காதுகளுக்கும் இடையிலான பிந்தல் நான்கில் ஒன்றுக்கும் கீழே சுருங்கிப்போகிறது. முக்குளித்தபடி எஞ்சின் படகின் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் இருக்கும்.

ஆக, அந்தச் சின்ன வித்தியாசங்களை வேண்டுமென்றே உண்டாக்கினால், இல்லாத இடத்தில் ஓர் ஆளை நிறுத்தலாம். பிரித்தானியப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இதைத்தான். இடமும் வலமும் வைத்த இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே குரலை ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் தந்தால், பேசுபவர் இரண்டுக்கும் நடுவில் நிற்பதாக மூளை முடிவுகட்டிவிடும். அதுதான் ஸ்டீரியோ.

ஆனால் அந்த நடு ஆள், நட்டநடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே நிற்பார். ஒரு மீற்றர் இடப்பக்கம் நகர்ந்தால் இட ஸ்பீக்கரின் ஒலி மூன்று மில்லிசெக்கன் வரை முந்திவிடும். முந்தி வருகிற ஒலியின் பக்கமே மூளை சாயும். இதை 1940களின் கடைசியில் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் விரிவாக அளந்து பார்த்தார். நம் வீடுகளில் நடுவில் யார் உட்காருகிறார்கள்? அப்பா சாய்மனைக் கதிரையில் ஒரு ஓரம், பிள்ளைகள் பாயில், அம்மம்மா கதவோரக் காற்றுக்கு. படத்தில் பாட்டு வந்தால் வீடே அதிரும். பேச்சு வந்தால் அம்மம்மா, "என்ன மனே சொல்றான் அவன்? ஒண்டும் விளங்குதில்ல" என்பார்.

அதற்கு மருந்து ரீவிக்குக் கீழே வைக்கும் நடு ஸ்பீக்கர். 5.1இல் பேச்சின் பெரும்பகுதி அதில்தான் வரும். எங்கே உட்கார்ந்தாலும் குரல் திரையிலிருந்தே வரும், அதை மட்டும் தனியாகக் கூட்டியும் வைக்கலாம். வாங்குகிறவர்கள் பின் பெட்டிகளைத்தான் ஆசையோடு பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு செட்டில் முதலில் பார்க்க வேண்டியது நடு ஸ்பீக்கரின் தரம். மற்ற நாலைவிட அது சின்னதாக, உள்ளங்கை அளவில் இருந்தால் யோசியுங்கள்.

மற்ற எண்கள் இலேசு. முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒன்று, 120 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட இடி, வெடி போன்றவற்றுக்கென ஒதுக்கிய தனித் தடம். டொல்பி டிஜிட்டல் என்ற ஒலிமுறை இந்த அமைப்பை 1992இல் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது, பிறகு டிவிடி வழியாக வீட்டுக்குள் வந்தது. நம்மூர் வட்டக்களரியில் கூத்தர் நடுவில் ஆட, சனம் சுற்றிவர இருக்கும். இங்கே சனம் நடுவில் இருக்க, கூத்து சுற்றிவர நடக்கிறது.

சரி, அந்த ஆறு தடங்களும் ரீவியிலிருந்து செட்டுக்கு எந்த வழியாகப் போகின்றன? பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டை, ஒரு ஹெட்போன் அளவு ஓட்டை, யூஎஸ்பி, புளூடூத் என்று மட்டும் இருந்தால், அதற்குள் வெளியிலிருந்து போகக்கூடியது இரண்டு தடங்கள்தான். புளூடூத் வழியாகவும் வழக்கமாக இரண்டுதான் வரும். செட் என்ன செய்யும்? அந்த இரண்டையே பிரித்து ஐந்து பெட்டிக்கும் ஊற்றும். பின்னாலும் அதே பாட்டு, முன்னாலும் அதே பாட்டு. கொண்டாட்ட வீட்டுக்கு அது போதும். படத்தில் ஹெலிகொப்டர் பின்னாலிருந்து தலைக்கு மேலாக முன்னுக்குப் போவது மட்டும் நடக்காது.

தனித்தனித் தடங்கள் போக எச்டிஎம்ஐ வேண்டும், குறிப்பாக ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளை. 2009இல் வந்த இந்த ஏற்பாடு ரீவியின் ஒலியை அதே கேபிளில் செட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. அது இல்லையென்றால் ஒப்டிக்கல் துளை. ரீவிப் பக்கத்து ஒப்டிக்கல் துளையின் மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். இரண்டுமே டொல்பி டிஜிட்டல் 5.1ஐத் தாங்கும். கூடவே, அதை உடைத்துப் பிரிக்கும் டிகோடர் செட்டுக்குள் இருக்க வேண்டும்; டொல்பி அல்லது டிடிஎஸ் அடையாளம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் இருந்தும் ஒரு சின்ன இடத்தில் மாட்டும். ரீவியின் ஒலி அமைப்புக்குள் போனால், டிஜிட்டல் ஒலி வெளியீடு என்ற வரியில் பிசிஎம் என்று தெரிவாகியிருக்கக்கூடும். அப்படி விட்டால் பல ரீவிகள் ஐந்தையும் இரண்டாகச் சுருக்கித்தான் அனுப்பும். அதை ஓட்டோ அல்லது பாஸ்த்ரூவுக்கு மாற்றிவிட்டு, 5.1 என்று குறிப்பிட்ட படமொன்றைப் போடுங்கள். பின் ஸ்பீக்கரில் காதை வையுங்கள். அங்கே பெரும்பாலும் அமைதி, இடையிடையே மழை, சனக்கூட்டம், தூரத்து ஹோர்ன் என்றிருந்தால் உங்கள் செட் உண்மையானது. பின் பெட்டி சும்மா இருக்கிறதே என்று பழுதுபார்க்கக் கொண்டுபோனவர்களும் உண்டு, பாவம். யூடியூப் காணொளிகளிலும் வழக்கமான ரீவி அலைவரிசைகளிலும் பெரும்பாலானவை இரண்டு தட ஒலிதான் என்பதையும் மனதில் வையுங்கள். நாள் முழுக்கச் செய்தியும் நாடகமும் பார்க்கும் வீட்டுக்கு, நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 சவுண்ட்பாரே, அதாவது ரீவிக்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டியே போதும்.

வாட்ஸ் கதைக்கு அதிக நேரம் வேண்டாம். பிஎம்பிஓ என்பது நொடியின் மிகச்சிறு துணுக்கில் எட்டக்கூடியதாகச் சொல்லும் உச்சம்; அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. செட் தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணைக் கேளுங்கள். அதையும் நம்பாவிட்டால் கரண்ட் வயர் போகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 65 வாட்ஸ் என்றிருந்தால், உள்ளே போவதே அவ்வளவுதான். 10,000 எங்கிருந்து வரும்? அதோடு, வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 50 வாட்ஸ் செட்டுக்கும் 60 வாட்ஸ் செட்டுக்கும் விலையில் தெரிகிற வித்தியாசம் காதில் தெரியாது.

பேஸ் பெட்டி வேறு ரகம். 80 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.4 மீற்றர், பல ஹோல்களின் நீளமே அவ்வளவுதான். இவ்வளவு நீண்ட அலைக்கு நம் தலை ஒரு தடையே அல்ல, அதனால் அது எங்கிருந்து வருகிறது என்று அறையில் கண்டுபிடிப்பது கடினம். ஒரே பெட்டி போதும் என்பதற்கும், அதை ரீவிக்குப் பக்கத்திலேயே வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கும் காரணம் இது. ஆனால் எங்கே வைத்தாலும் ஒன்றுபோல் கேட்காது. நான்கு மீற்றர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே 44 ஹேர்ட்ஸ் ஒலி அங்குமிங்கும் மோதி, சுவரோரம் குவிந்து, நடுவில் அடங்கிப்போகும். சுவரோடு கதிரை போட்டவருக்கு நெஞ்சு அதிரும், நடுவில் பாயில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. மூலையில் வைத்தால் சத்தம் கூடும், குளறுபடியும் கூடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பேஸ் பெட்டியைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் கதிரையில் வையுங்கள். பேஸ் அதிகமுள்ள பாட்டொன்றைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் பேஸ் திமிறாமல், ஒவ்வோர் அடியும் பிரிந்து கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு மறுகாக் கதிரையில் போய் இருங்கள். ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் பாதை ஒன்றுதான் என்பதால் இது பலிக்கிறது.

கூர்மையான ஒலிகளுக்கு வரும் தொல்லை எதிரொலி. டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும், பேச்சின் மெய்யெழுத்துகள் குழம்பும். 1890களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை என்று முறைப்பாடு வந்தபோது, வாலஸ் சபைன் இரவிரவாக வேறொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளைக் காவிக்கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை அளந்தார். கட்டட ஒலியியல் அங்கிருந்துதான் வளர்ந்தது. நமக்கு மெத்தை காவ வேண்டியதில்லை. மருதமுனைக் கைத்தறியில் தடித்த துணியாகப் பார்த்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கும்படி யன்னலுக்குப் போட்டு, ரீவிக்கும் கதிரைக்கும் நடுவில் தடித்த விரிப்பொன்றைப் போட்டால் பேச்சு தெளிவதைக் காதாலேயே உணரலாம். பேஸை இது தொடாது, அதற்கு இடம் மாற்றுவதுதான் வழி.

கடையில் 5.1.2, அட்மோஸ் என்று மூன்றாவது எண்ணோடும் செட் காட்டுவார்கள். அந்த மூன்றாவது எண் குறிக்கும் மேல்நோக்கிய ஸ்பீக்கர் ஒலியைக் கூரைக்கு அடித்து, அது தெறித்து மேலிருந்து விழுவதுபோல் செய்யும். அதற்குத் தட்டையான, கெட்டியான சீலிங் வேண்டும். சரிவான ஓட்டுக்கூரையில் ஒலி தெறித்து வேறெங்கோ போய்விடும். சீலிங் அடிக்காத வீட்டுக்கு இதை வாங்குவது வீண் செலவு.

வைக்கும் முறையில் ஒன்றிரண்டு. பின் பெட்டிகளை முதுகுக்கு நேர் பின்னால் வைக்காமல், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, காதுக்குக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். ஒரு பெட்டி மற்றதைவிடக் கிட்ட இருந்தால், செட்டின் அமைப்பில் தூரம் என்று வரும் இடத்தில் உண்மையான அளவைக் கொடுங்கள். கிட்ட உள்ளதைச் சில மில்லிசெக்கன் பிந்தவைத்து அது சரிக்கட்டும். வயர்லெஸ் பின் ஸ்பீக்கர் என்றாலும் பக்கத்தில் பிளக் பொயின்ட் வேண்டும் என்பதைப் பலர் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். வயர் பூட்டும்போது கோடு போட்ட பக்கம் எல்லாப் பெட்டியிலும் ஒரே முனைக்குப் போக வேண்டும். முன் இரண்டில் ஒன்று மாறினால் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள மற்றது உள்ளே இழுக்கும், பேஸ் கரைந்துபோகும். சந்தேகம் இருந்தால் செட்டை ஸ்டீரியோவில் வைத்து ஒருவர் மட்டும் பேசும் செய்தியைப் போட்டு நடுவில் இருந்து கேளுங்கள். குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரந்தால் ஒரு பக்கத்து வயரை மாற்றிப் பூட்டுங்கள்.

கடலோர வீடுகளில் உப்புக்காற்று செப்பு வயரின் நுனியைப் பச்சை பிடிக்கவைக்கும், அப்போது ஒலி விட்டு விட்டு வரும். அந்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவிப் பூட்டினால் சரி. அப்புறம் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் செட்டின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு இருக்காதீர்கள். மின்னல் டிஷ் அன்டெனா வயரால் ரீவிக்குள் இறங்கி, எச்டிஎம்ஐ வழியாகச் செட்டுக்கும் வரும். ரீவியின் பிளக், அன்டெனா வயர், எச்டிஎம்ஐ மூன்றையும் சேர்த்தே கழற்றுங்கள்.